புது அகப்பக்கத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம்: எப்போது தொடங்கலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டுத் தொழில் செய்பவர்கள் பலர் இப்போது அகப்பக்கம் திறக்கிறார்கள். கறித்தூள், முறுக்கு, தைத்த ரவிக்கை, கல்யாண மேடை அலங்காரம் என்று எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. திறந்த மறுவாரமே ஒரு கேள்வி வரும்: "ஃபேஸ்புக்ல பூஸ்ட் போடலாமா, கூகுள்ல போடலாமா?"

எங்கே போடலாம் என்பது அப்புறம். எப்போது என்பதற்கு மாதக் கணக்கில் பதில் கிடையாது. உங்களை முன்பின் தெரியாத சிலர், விளம்பரம் இல்லாமலே வந்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு விற்பனைக்கு எவ்வளவு செலவழித்தால் கட்டுப்படியாகும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் கைக்கு வந்த நாள்தான் தொடங்கும் நாள். மூன்று வாரத்தில் வரலாம், எட்டு மாதமும் ஆகலாம்.

விளக்கத்துக்கு ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சுங்கை சிப்புட்டில் ஓர் அக்கா, மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லில் அரைத்து, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கறித்தூள் விற்கிறார். புதிதாக அகப்பக்கம் திறந்திருக்கிறார்.

படி 1: கடை உண்மையில் திறந்திருக்கிறதா?

உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சொந்தக்காரரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "ஒரு பாக்கெட் வாங்குங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலும் கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று தலைகாட்டும் இடமாக இருக்கும்.

பக்கம் திறக்கும் வேகத்தை கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் இலவசமாகச் சோதிக்கலாம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தாமதமானால் முதலில் படங்களைச் சந்தேகப்படுங்கள். கேமராவில் எடுத்த படத்தை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருப்பீர்கள்.

சட்ட விஷயமும் இங்கேயே முடியட்டும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிய வேண்டும். பதிவு எண், முகவரி, தொலைபேசி, கூரியரோடு சேர்ந்த முழு விலை எல்லாம் பக்கத்தில் தெரிய வேண்டும். வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்குவதால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஓர் அறிவிப்பு வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது.

படி 2: எண்ணும் கருவியை மாட்டுங்கள்

கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டும் இலவசம். முதலாவது, வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள், உள்ளே என்ன செய்தார்கள் என்று காட்டும். இரண்டாவது, கூகுளில் என்ன வார்த்தையைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று காட்டும். இரண்டையும் இன்றே இணைத்துவிடுங்கள். விளம்பரம் தொடங்கிய பிறகு இணைத்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்குபவர் அகப்பக்கத்தைப் பார்ப்பார், ஆனால் வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் சொல்வார். விற்பனை நடந்தது அனலிட்டிக்ஸுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு எளிய வழி: வாட்ஸ்அப் பொத்தானில் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதி வைக்கலாம். சாதாரணப் பக்கத்தில் "கறித்தூள் வேண்டும் – க1" என்றும், விளம்பரத்திலிருந்து வருபவர்களுக்கான தனிப் பக்கத்தில் "கறித்தூள் வேண்டும் – க2" என்றும் வையுங்கள். மாதக் கடைசியில் க2 எத்தனை என்று எண்ணினால் போதும். நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் சரிதான்.

படி 3: முதலில் காசு கொடுக்காமல் ஆள் வரட்டும்

வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால், கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைச் சேருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, கோயில் குழு, பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் இணைப்பைப் போடுங்கள். ஒரு தடவை போதும், தினமும் போட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

இதில் வரும் ஆர்டர்களை இரண்டாகப் பிரியுங்கள். மாமி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா வாங்கியது ஒரு பக்கம். அவர்கள் உங்களுக்காக வாங்குகிறார்கள், பக்கம் எப்படி இருந்தாலும் வாங்குவார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் ரவாங்கிலிருந்தோ பூச்சோங்கிலிருந்தோ வாங்கியது இன்னொரு பக்கம். விளம்பரத்தில் வரப்போகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகைதான். அதனால் அந்தப் பட்டியலில் பத்துப் பெயராவது சேரும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்வேன். இருநூறு, முந்நூறு அந்நியர் வந்து பார்த்தும் ஒருவர்கூட வாங்கவில்லையா? பக்கத்திலோ விலையிலோ கோளாறு இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீரை வேகமாக ஊற்றினால் குடம் நிறைந்துவிடாது.

விதிவிலக்கும் உண்டு. ஏர்கோன் பழுது, அடைத்துக்கொண்ட குழாய், நடுரோட்டில் நின்ற கார் போன்ற அவசரச் சேவை என்றால், தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும் நாளிலேயே தேடல் விளம்பரம் போடலாம். தேடுபவர் அந்த நிமிடமே கூப்பிடுவார். மாறாக, கட்டுரை எழுதி, ஆட்சென்ஸ் வருமானத்தில் (பக்கத்தில் மற்றவர் விளம்பரத்தைக் காட்ட கூகுள் தரும் காசில்) ஓடும் பக்கத்துக்குக் காசு கொடுத்து ஆள் சேர்ப்பது பெரும்பாலும் நட்டக் கணக்கு.

படி 4: ஒரு சொடுக்குக்கு எவ்வளவு தாங்கும்?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு முக்கியமானது இதுதான். சொடுக்கு என்றால் ஒருவர் விளம்பரத்தை ஒரு முறை அழுத்துவது. கூகுள் தேடல் விளம்பரத்தில் அதற்குத்தான் காசு.

அக்காவின் பாக்கெட் விலை 22 வெள்ளி என்று வைப்போம். கூரியர் கட்டணம் வாங்குபவருடைய செலவு. பொருள், மில் கூலி, பை எல்லாம் 11 வெள்ளி. இணையத்தில் பணம் பெற்றுத் தரும் கட்டணச் சேவைக்கு 1 வெள்ளி. அவருடைய உழைப்புக்கு 3 வெள்ளி. மிச்சம் 7. அதில் 3 வெள்ளி லாபமாக நிற்க வேண்டும் என்றால், விளம்பரத்துக்கு ஓர் ஆர்டருக்கு 4 வெள்ளிதான் கொடுக்க முடியும்.

படி 3இல் எண்ணியபடி, பார்க்க வந்த நூறு அந்நியரில் இருவர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சொடுக்குக்கு 8 வெள்ளி, அதாவது ஒரு சொடுக்குக்கு 8 சென். கூகுள் ஆட்ஸில் உள்ள கீவேர்டு பிளானரில் "கறித்தூள்", "செர்புக் காரி" (மலாயில் கறித்தூள்) போன்ற சொற்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு சொடுக்குக்கு அங்கே இதைவிடக் கூடுதல் தொகை தெரிந்தால், ஒற்றைப் பாக்கெட்டை விளம்பரத்தில் விற்பதை மறந்துவிடுங்கள்.

இப்போது மூன்று கறித்தூள், ஒரு சாம்பார்ப்பொடி, ஒரு ரசப்பொடி சேர்த்து 88 வெள்ளிக்கு ஒரு செட் போடுகிறார். பொருள் செலவு 44, கட்டணச் சேவை 2, உழைப்பு 10. மிச்சம் 32. லாபம் 12 வைத்துக்கொண்டால் விளம்பரத்துக்கு 20 வெள்ளி தாங்கும். நூறில் இருவர் என்ற அதே கணக்கில், ஒரு சொடுக்குக்கு 40 சென். இதை வைத்துக் களத்தில் இறங்கலாம்.

இன்னொன்று: மலேசியாவில் இணைய விளம்பரத்துக்கு 8% சேவை வரி சேரும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6% என்று வந்த வரி, 2024 மார்ச்சில் 8% ஆனது. 100 வெள்ளிக்கு விளம்பரம் ஓடினால் 108 வெள்ளி போகும். விளம்பர இடம் ஏலத்தில்தான் போகும், ஒரு சொடுக்குக்கு எவ்வளவுவரை தருவீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். 40 சென் தாங்கும் என்றால் ஏலத்தில் 37 சென் என்று வையுங்கள்.

படி 5: சின்னதாக ஒரு சோதனை

மக்கள் ஏற்கெனவே தேடுகிற பொருளுக்கு கூகுள் தேடல் விளம்பரம். யாரும் தேடாத, ஆனால் பார்த்தால் ஆசைப்படுகிற ரவிக்கை, அலங்காரம் போன்றவற்றுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். அங்கே பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். லைக் வேண்டுமா, வாட்ஸ்அப் செய்தி வேண்டுமா என்று நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. லைக்கை வைத்து கூரியர்காரருக்குக் காசு கொடுக்க முடியாது.

அக்காவுக்கு கூகுள்தான். புதுக் கணக்கைத் திறந்தால் எல்லாவற்றையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் வகைகளைத்தான் அது முன்னால் நீட்டும். அதைத் தவிர்த்து, "சர்ச்" வகையைத் தேர்ந்தெடுங்கள். "டிஸ்பிளே நெட்வொர்க்" (மற்றவர்களின் பக்கங்களிலும் விளம்பரம் காட்டுவது) என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏல முறையில் "மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்" (முடிந்தவரை அதிகச் சொடுக்கு) எடுத்து, ஒரு சொடுக்குக்கான உச்ச வரம்பை 37 சென் என்று போடுங்கள்.

இடத்தை அமைக்கும்போது நிதானம் வேண்டும். சுங்கை சிப்புட்டைத் தேர்ந்தெடுப்பது வீண், அங்கே அக்காவைத் தெரியாத ஆள் இல்லை. தோட்டத்தை விட்டு வேலைக்காகப் போன பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங், ஜோகூர் பாரு பக்கம் இருக்கிறார்கள். ஊர்க் கறித்தூளின் வாசனைக்கு ஏங்குபவர்களும் அவர்கள்தான். அதோடு, இட அமைப்பில் "அந்த இடத்தில் இருப்பவர்கள், அல்லது அதில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்பதுதான் இயல்பாகத் தேர்வாகியிருக்கும். அதை "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்தும் சொடுக்கு வரலாம், அங்கே நீங்கள் பாக்கெட் அனுப்பப் போவதில்லை.

மொழி கேட்டால் தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றையும் வையுங்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் நிறைய.

தேடு சொற்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அப்போது அந்தப் பொருளில் தேடுபவர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியும். "ரெசிபி", "செய்வது எப்படி", "வேலை" போன்றவற்றை நெகட்டிவ் சொல்லாக, அதாவது அதைத் தேடினால் விளம்பரம் தெரியக்கூடாத சொல்லாகச் சேருங்கள்.

செலவு ஒரு நாளைக்கு 8 வெள்ளி. ஒரு நாள் 16 வெள்ளி போயிருந்தால் பயப்படாதீர்கள். கூகுள் ஒரு நாளில் இரு மடங்குவரை செலவழிக்கும், ஆனால் ஒரு மாதத்தில் நாள் தொகையின் 30.4 மடங்கை, அதாவது வரி நீங்கலாக 243.20 வெள்ளியைத் தாண்டி வாங்காது.

படி 6: எப்போது நிறுத்துவது?

200 சொடுக்கு வரும்வரை விடுங்கள். நடுவில் தினமும் நோண்டாதீர்கள். ஆட்கள் உண்மையில் தேடிய சொற்களைக் காட்டும் "சர்ச் டெர்ம்ஸ்" பட்டியலை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை பார்த்து, சம்பந்தமில்லாத சொற்களை நெகட்டிவில் தள்ளுங்கள்.

நூறில் இருவர் என்பது உண்மையானால் 200 பேரில் நான்கு பேர் வாங்க வேண்டும். மூன்றோ ஐந்தோ வந்தால் தொடரலாம். ஒன்றுகூட இல்லையென்றால், அதிர்ஷ்டம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளாமல் நிறுத்துங்கள். விளம்பரம் சொன்னதும் பக்கத்தில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். செட்டுக்கு விளம்பரம் போட்டுவிட்டு முகப்புப் பக்கத்துக்கு அனுப்பியிருப்பீர்கள்.

படி 7: தீபாவளியை விட்டுவிடாதீர்கள், நம்பியும் இருக்காதீர்கள்

2026இல் தீபாவளி நவம்பர் 8. மூன்றே நாளில் 11.11 (நவம்பர் 11) இணையத் தள்ளுபடி விற்பனை. பெரிய இணையச் சந்தைகள் எல்லாம் அந்த வாரங்களில் விளம்பரத்தில் காசைக் கொட்டும், ஏலத் தொகை ஏறும். முதல் சோதனையை அப்போது செய்தால் 37 சென்னுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சோதனையை ஆகஸ்டிலேயே முடித்து, எந்தச் சொல்லில் விற்றது என்று தெரிந்துகொண்டு, செப்டம்பர் கடைசியில் தொகையைக் கூட்டுங்கள். கூட்டும்போதும் மில்லில் எத்தனை கிலோ அரைத்துத் தருவார்கள் என்று கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

விளம்பர அமைப்பில் முடிவுத் தேதி போடும் இடம் இருக்கிறது. உங்கள் கூரியர் நிறுவனம் பண்டிகைக்கு முன் பார்சல் வாங்கும் கடைசி நாளைக் கேட்டு, அதற்கு இரண்டு நாள் முந்திய தேதியை அங்கே இப்போதே போட்டுவிடுங்கள். பலகாரம் சுடும் பரபரப்பில் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.