காசித்தும்பை வெடிக்கும் முன்

பூச்செடியில் விதை எடுக்க நினைத்தால், நன்றாகப் பூத்த ஒன்றிரண்டு பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காய விடுங்கள். செண்டுமல்லி பழுப்பாகச் சுருங்கியதும் காய்ந்த இதழ்களைப் பிடித்து இழுத்தால், ஒரு முனை கறுப்பும் மறுமுனை வெளிறலுமாக ஊசி போன்ற விதைகள் கொத்தாக வரும். கறுப்பு முனை கெட்டியாக இருந்தால் முற்றியது. தட்டையாகத் தொய்ந்தால் பதர்.

காசித்தும்பைதான் கொஞ்சம் குறும்பு. முற்றிய காய் தொட்டாலே வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். காயை உறைக்குள் விட்டபடியே கிள்ளுங்கள்.

அப்புறம் நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மிச்ச ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எஃப்1 கலப்பினச் செடி (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறை) என்றால் அடுத்த தலைமுறை அதே நிறத்தில் வராமல் போகலாம். எனக்கு அதுவும் சுவாரசியம்தான்.