சிமுலேஷன் உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியிலும் ஓட வேண்டுமானால்

திரவமும் காற்றும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது (சி.எஃப்.டி.) என் வேலை. போன ஆடி மாதம் ஒரு மெயில் வந்தது. வேறொரு கல்லூரியில் பிஎச்.டி. செய்யும் பெண். "மேடம், உங்கள் பேப்பரின் ஏழாவது படத்தை நானும் ஓட்டிப் பார்த்தேன். இழுவை விசை எனக்கு 11 சதவீதம் கூட வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?"

தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூசி தட்டிப் பார்த்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் இதுதான்' என்று மூன்று ஃபோல்டர்கள். பேப்பரில் இரண்டாம் வரிசை அப்விண்ட் (ஓட்டம் வரும் பக்கத்திலிருந்து மதிப்பெடுக்கும் முறை; வரிசை கூடினால் துல்லியம் கூடும்) என்று எழுதியிருக்கிறேன். படம் பிறந்த ஃபோல்டரில் இருந்ததோ முதல் வரிசை. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிய அன்று லேபில் ஒரு விதி போட்டேன்: புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், சொந்த ஆராய்ச்சியைத் தொடுமுன் ஒரு சின்னக் கணக்கை ஓட்டி, சரிபார்த்து, வெளியிட்டுக் காட்ட வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு பழையதுதான். சதுரப் பெட்டி, உள்ளே திரவம், மேல்மூடி மட்டும் ஒரே வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது. ஓப்பன்ஃபோம் நிறுவினாலே 'கேவிட்டி' என்ற பெயரில் இது பயிற்சியாகக் கூடவே வரும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கி, 2004 டிசம்பரில் ஜி.பி.எல். உரிமத்தில் (யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான்) வெளியான மென்பொருள் அது. லட்சக்கணக்கில் லைசென்ஸ் பணம் கட்ட முடியாத எங்களைப் போன்ற லேப்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

பயிற்சியில் பெட்டியின் பக்கம் 0.1 மீட்டர், மூடியின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், இயக்கப் பாகுநிலை (திரவத்தின் பிசுபிசுப்பு) 0.01. வேகத்தை நீளத்தால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வரும் ரெனால்ட்ஸ் எண் 10. பாகுநிலையை 0.001 ஆக்குங்கள், 100 ஆகிவிடும். ஏன் 100? ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறார்கள், அதனால்தான். கியா, கியா, ஷின் என்ற மூவர் 1982-ல் இதே பெட்டியை 129-க்கு 129 புள்ளிகள் கொண்ட கிரிட்டில் (கட்ட வலையில்) தீர்த்து, வேகங்களை அட்டவணையாகவே அச்சிட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க சி.எஃப்.டி. படிப்பவர்கள் உரசிப் பார்க்கும் கல் அது.

முடிவு நேரத்தையும் மாற்ற வேண்டும். பயிற்சியில் 0.5 நொடியோடு நின்றுவிடும். அதற்குள் மூடி ஐந்து பெட்டி நீளம்தான் நகர்ந்திருக்கும், இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் ஓட்டம் இன்னும் நிலைபெற்றிருக்காது. நான் 3 நொடி வரை ஓட்டி, 2.5-லும் 3-லும் நான்காவது தசமம் வரை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

அடுத்து எல்லோரும் தடுக்கி விழும் இடம். பெட்டியின் நடுவே நிற்கும் செங்குத்துக் கோட்டில் கிடைமட்ட வேகத்தை எடுக்கிறோம். கியா அட்டவணைப்படி அடியிலிருந்து 0.4531 உயரத்தில், அதாவது நம் பெட்டியில் சுமார் 4.5 சென்டிமீட்டரில், வேகம் மைனஸ் 0.2109. மூடி போகும் திசைக்கு எதிராகத் திரவம் திரும்பி வருவதால் மைனஸ். அவர்களுக்கு ஒற்றைப்படையில் 129 புள்ளிகள், 65-வது புள்ளி சரியாக நடுக்கோட்டில் உட்காரும். நமக்குப் பக்கத்துக்கு 20 செல் (பெட்டியைப் பிரித்த சிறு கட்டங்கள்). நடுக்கோடு இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள சுவரில் விழும். சாம்பிள் எடுக்கும்போது 'செல்' என்று கொடுத்தால், 2.5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல் நடுவின் மதிப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். 'செல்பாயின்ட்' என்று கொடுத்தால்தான் இடைமதிப்புக் காணும். சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்) ஒன்று, விடை ஒன்று, வரைபடம் மட்டும் இரண்டு. ஒரு மாணவன் இதற்காக மூன்று நாள் சால்வரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

சரி, எண் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதோடு எழுந்துபோனால் நான் விடமாட்டேன். 20, 40, 80 என்று மூன்று கிரிட்டில் ஓட்டுங்கள். கிரிட்டை இரட்டிக்கும்போதெல்லாம் நேர அடியை (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) பாதியாக்குங்கள்: 0.005, 0.0025, 0.00125. இல்லாவிட்டால் கூரன்ட் எண் (ஒரு நேர அடியில் திரவம் எத்தனை செல் கடக்கிறது என்பது) 1-ஐத் தாண்டி, கணக்கு வெடிக்கலாம். 20-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை, 40-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். இரண்டாம் வரிசை முறை என்றால் விடை 4-ஐ ஒட்டி வர வேண்டும். 2-ஐ ஒட்டி வந்தால் எங்கேயோ ஒரு முதல் வரிசை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். என் 'ஃபைனல் இதுதான்' ஃபோல்டருக்கு அன்றைக்கே இதைச் செய்திருந்தால் அந்த மெயிலே வந்திருக்காது.

இதெல்லாம் அதிகப்படி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லொரேனா பார்பா, நிரல், தரவு, படம் எல்லாவற்றையும் திறந்தே வெளியிடுவோம் என்று 2012-லேயே உறுதிமொழி எழுதி வைத்தவர். பறக்கும் பாம்பின் உடல் குறுக்குவெட்டைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று அவர் குழு ஏற்கெனவே வெளியிட்ட முடிவை, ஒலிவியே மெனார் என்ற மாணவரும் அவருமாக மறுபடி எடுக்கப் பார்த்தார்கள். நான்கு சி.எஃப்.டி. நிரல்கள், நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், மூன்று வருஷம். மெஷ் (செல்களின் வலை), எல்லை நிபந்தனை (ஓரங்களில் ஓட்டம் எப்படி என்ற விதி), பின்னால் ஓடும் லைப்ரரியின் பதிப்பு என ஒவ்வொன்றும் காலை வாரியது. ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி.

இனி வெளியிடும் வேலை. முதல் நாளே கிட் (ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) போடுங்கள், கடைசி நாள் அல்ல. 'ஃபைனல் 2' என்று ஃபோல்டர் வைக்கும் கை அதோடு அடங்கும். மெஷ்ஷையும் ஒவ்வொரு நேர அடிக்கும் பிறக்கும் ஃபோல்டர்களையும் உள்ளே ஏற்றாதீர்கள். மெஷ்ஷை எப்படிப் போடுவது என்று சொல்லும் டிக்ட் ஃபைல் இருந்தால் மெஷ் தானாக வரும். மெஷ் போடுவதிலிருந்து வரைபடம் வரைவது வரை ஒரே கட்டளையில் ஓடும்படி 'ஆல்ரன்' ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். நடுவில் எங்காவது மௌஸைத் தொட வேண்டியிருந்தால் ஸ்கிரிப்ட் இன்னும் முழுமையாகவில்லை என்று பொருள். பேராவியூவில் (முடிவுகளைப் படமாக்கும் மென்பொருள்) சொடுக்கிச் சொடுக்கி எடுத்த படத்தை ஆறு மாதம் கழித்து நீங்களே மறுபடி எடுக்க முடியாது. எண்களை சி.எஸ்.வி. ஆக்கி, பைதானில் வரையுங்கள்.

ரீட்மீயில் (கூடவே வைக்கும் விளக்கக் குறிப்பு) மென்பொருளின் பதிப்பை எழுதாமல் விடாதீர்கள். ஓப்பன்ஃபோம் என்ற ஒரே பெயரில் இரண்டு வம்சங்கள் ஓடுகின்றன. ஒன்று 10, 11, 12 என்று எண்ணும். இன்னொன்று 2312, 2406 என்று வருடத்தையும் மாதத்தையும் சேர்த்து எண்ணும். ஒன்றில் எழுதிய கேஸ் (ஒரு கணக்குக்கான ஃபைல்கள்) இன்னொன்றில் அப்படியே ஓடும் என்று நம்பி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

உரிமம் என்று ஒரு ஃபைல் வையுங்கள். அது இல்லாத நிரல் இணையத்தில் கிடந்தாலும் சட்டப்படி யாரும் எடுத்தாள முடியாது. சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு யாரும் தாராளமாக எடுத்தாள விடும் எம்.ஐ.டி. உரிமம் போதும், ஓப்பன்ஃபோம் நிரலையே எடுத்து மாற்றியிருந்தால் ஜி.பி.எல்.தான். அப்புறம் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற காப்பகத்தில் ஏற்றினால் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பேப்பரில் அதைக் கொடுங்கள். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் சுட்டி மட்டும் போதாது. மாணவர் படிப்பு முடிந்து போகிற அன்று சிலசமயம் அக்கவுன்ட்டும் கூடவே போய்விடும்.

கேஸ் ஃபைலோடு நிற்காமல் பிறருக்கும் பயன்படும் மென்பொருளே எழுதிவிட்டீர்கள் என்றால் ஜாஸ் (ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) என்ற பத்திரிகை இருக்கிறது, 2016-லிருந்து வருகிறது. கட்டணம் கிடையாது, மதிப்பீடு முழுக்க கிட்ஹப்பில் எல்லோர் கண்முன்னும் நடக்கும். மதிப்பிடுபவர் உங்கள் மென்பொருளை நிறுவி ஓட்டிப் பார்ப்பார். கேவிட்டியை அங்கே அனுப்பாதீர்கள், திருப்பி விடுவார்கள்.

கடைசியாக, அறியாத கை ஒன்று வேண்டும். நான் இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, காபி வாங்கிக் கொடுத்து, ரெப்போ (கிட்டில் உள்ள ஃபைல் தொகுப்பு) சுட்டியை மட்டும் தருவேன். எழுதியவர் பின்னால் நாற்காலியில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. போன மாதம் என்னுடையதையே இப்படி வைத்தேன். பையன் முதல் கட்டளையை அடித்தான். 'பிளாக்மெஷ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.' திரும்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஓப்பன்ஃபோம் சூழலை முதலில் சோர்ஸ் செய்ய (அதன் கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்று மெஷினுக்குச் சொல்ல) வேண்டும் என்ற ஒரு வரி என் ரீட்மீயில் இல்லை. பத்து வருஷமாக என் மெஷினில் அது தானாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது.