தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை

பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால், நமக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. ஆயினும் அதை முழுவதும் பரம்பரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் திண்ணையில் எழுந்த அதே பீடிப் புகையையும், சமையற்கட்டில் சூழ்ந்த அதே விறகடுப்புப் புகையையும் சேர்ந்தே சுவாசித்திருப்பார்கள்.

தந்தையின் அறிக்கையில் 'இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம்' என்ற வரியைக் கண்டு பிள்ளைகள் கலங்குவதுண்டு. அந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டும் பின்னாளில் தோன்றுவது. அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவது மிக அரிது. எந்த மாத்திரை பலன் தரும் என்று தீர்மானிக்கவே அந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது.

சாதாரண மார்பு எக்ஸ்ரே சிறு கட்டிகளைத் தவறவிடக்கூடும். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனே இதற்கு ஏற்றது. 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்திருந்தது. 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டுகளுக்கு ஈடாகப் புகைத்தவர்களுக்கு, இன்னும் புகைத்தாலோ நிறுத்தி 15 ஆண்டுகள் ஆகாதிருந்தாலோ, ஆண்டுதோறும் அதை எடுக்குமாறு அந்நாட்டின் 2021 பரிந்துரை கூறுகிறது. புகைக்காதவர்கள், உறவினருக்கு எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கலந்து முடிவெடுப்பதே சரி.

புகைப்பதை நிறுத்திய பத்து ஆண்டுகளில் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. காசநோய் என்று மருந்து எடுத்தும் இருமல் தணியாவிட்டால், அல்லது சளியில் இரத்தம் தென்பட்டால், தயங்காமல் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.