சந்திர கிரகணம் பார்க்க: ஏழரைக்கே மாடி ஏற வேண்டாம்

2028 டிசம்பர் 31 அன்று இரவு தமிழ்நாட்டிலிருந்து முழுச் சந்திர கிரகணத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை காணலாம். அது முடியும்போது புத்தாண்டு பிறந்து ஆறு நிமிடங்கள் ஆகியிருக்கும். முதன்முறையாகப் பார்க்க விரும்புவோருக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதல் வேலை நேரங்களைக் குறித்துக்கொள்வது. இணைய அட்டவணைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் சறுக்கியது இந்தக் கணக்கில் அல்ல, ‘ஆரம்பம்’ என்ற சொல்லில். 2018 ஜூலை 27 அன்று இரவு 10.44க்குக் கிரகணம் ஆரம்பம் என்று படித்துவிட்டு, உறங்கியவர்களையும் எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றேன். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தும் நிலா வழக்கம்போலவே இருந்தது. “இதைப் பார்க்கவா எழுப்பினாய்?” என்று அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்க, நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். விளிம்பு கருக்கத் தொடங்கியதோ 11.54க்கு.

10.44 என்பது நிலா பூமியின் புறநிழலைத் தொட்ட நேரம். அங்கே சூரிய ஒளி ஓரளவே மறைபடுவதால் வெறுங்கண்ணுக்கு நெடுநேரம் மாற்றம் தெரியாது. சூரிய ஒளி நேரடியாக எட்டாத கருநிழலுக்குள் நுழைந்த பிறகுதான் நிலா கடித்த அப்பளம்போல் குறையத் தொடங்கும். ஆகவே 2028க்கான நேரங்களில் புறநிழலுக்குரிய 7.34ஐ அடித்துவிட்டு, கருநிழல் தொடும் 8.37, முழு கிரகணம் நீடிக்கும் 9.46 முதல் 10.57 வரை, கருநிழல் விலகும் 12.06 ஆகியவற்றை மட்டும் எழுதி வையுங்கள்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நிலா கிழக்கில் நன்றாக உயர்ந்திருக்கும் என்பதால் சுற்றிலும் கட்டடங்கள் இருந்தாலும் தெரியும். கழுத்து வலிக்காமலிருக்கப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள்.

கருவி வேண்டுமென்றால், தொலைநோக்கியைவிட 7×50 பைனாகுலரையே (ஏழு மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ் கொண்டது) நான் விரும்புவேன். முழு நிலவும் அதன் நிறமும் ஒரே பார்வையில் அடங்கும். மார்கழிப் பனி லென்ஸில் படியும் என்பதால், பார்க்காத நேரத்தில் மூடியைப் போட்டு வையுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். 9.46ஐ ஒட்டிக் கடைசி வெளிச்சக் கீற்றின் ஓரத்தில் மெல்லிய நீலப்பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். ஓசோன் படலம் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் வருவது அது. மற்ற பகுதி செம்பு நிறமாகும். புனர்பூசத்தின் இரு விண்மீன்கள் அருகே எடுப்பாகத் தெரியும்.

பின்சேர்க்கை: சூரிய கிரகணக் கண்ணாடி தேவையா என்று சிலர் கேட்டிருந்தார்கள், தேவையில்லை, அதை அணிந்தால் நிலாவே தெரியாது. இணைய அட்டவணையின் ‘ஆரம்ப’ நேரத்தைவிடப் பஞ்சாங்க நேரம் ஒரு மணி நேரம் பிந்தியிருக்கிறதே என்று வேறொருவர் கேட்டிருந்தார். பஞ்சாங்கம் ஸ்பரிசம் என்று குறிப்பது கருநிழல் தொடும் நேரத்தை. புறநிழலை அது கணக்கில் கொள்வதில்லை. பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் ஸ்பரிசத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மாடி ஏறினால் போதும்.