எரிமலைத் தீவில் நில அதிர்வு: செய்தியைப் படிப்பதில் நேரும் தவறுகள்

பள்ளி விடுமுறைக்கு இந்தோனேசியாவின் பாலி, மேடான் என்று டிக்கெட் எடுத்தவர்களின் புலனக் குழுக்களில் அவ்வப்போது ஒரு தகவல் சுற்றும்: அங்கே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அதிர்வுகளாம், மலை வெடிக்கப் போகிறதாம். எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு.

எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பான மாக்மா மேலேறும்போது, வழியில் உள்ள பாறை உடைகிறது. ஒவ்வோர் உடைப்பும் ஒரு சிறு அதிர்வு. ஆனால் ஏறத் தொடங்கிய மாக்மா பாதி வழியில் நின்றுவிடலாம். 2022 மார்ச்சில் அசோரஸ் தீவுக்கூட்டத்தின் சாவ் ஜோர்ஜ் தீவில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் பதிவாகின, வெடிப்பு இல்லை. 2025 தொடக்கத்தில் கிரேக்கத்தின் சாண்டோரினியிலும் அதே கதை. ஸ்பெயினின் லா பால்மா தீவிலோ 2021 செப்டம்பர் 11-இல் அதிர்வுகள் தொடங்கி, 19-ஆம் தேதியே தரை பிளந்து லாவா வந்துவிட்டது. அங்கே அதிர்வுகளின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. நிலமும் 10 சென்டிமீட்டருக்கு மேல் உப்பியது. ஆழம், நில வீக்கம், வாயு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் எண்ணிக்கை வெறும் எண்தான்.

இதைவிட ஆபத்தானது, அதிர்வு குறைந்ததும் மூச்சு விடுவது. பாலியின் ஆகுங் மலைதான் இதற்குச் சரியான பாடம். 2017 செப்டம்பர் 22-இல் எச்சரிக்கை உச்ச நிலையான 'ஆவாஸ்' ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். அக்டோபர் பிற்பகுதியில் அதிர்வுகள் சரிந்தன. 29-ஆம் தேதி நிலை, ஒரு படி கீழே உள்ள 'சியாகா'வுக்கு இறக்கப்பட்டது. நவம்பர் 21-இல் மலை சாம்பல் கக்கத் தொடங்கியது. 27-ஆம் தேதி மீண்டும் ஆவாஸ், பாலியின் குரா ராய் விமான நிலையமும் மூடல். காரணம் எளிது: வழியில் உள்ள பாறை உடைந்து பாதை திறந்துவிட்டால், அடுத்து வரும் மாக்மா எதையும் அதிகமாக உடைக்க வேண்டியதில்லை. அமைதி, மலை தூங்கிவிட்டதாலும் வரலாம், பாதை திறந்துவிட்டதாலும் வரலாம்.

மலாய் தெரிந்திருப்பதால் இந்தோனேசிய அறிக்கையை நேரடியாகப் படிக்க முடிவது மலேசியத் தமிழருக்கு ஒரு வசதி. அந்நாட்டு எரிமலைக் கண்காணிப்புத் தகவல்கள் வரும் 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் ஒவ்வொரு மலைக்கும் அதிர்வுகள் வகைவகையாகப் பிரித்துத் தரப்படும். பலர் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள், அது தவறு. 'தெக்டோனிக் ஜாவ்' என்றால் தொலைதூர நிலநடுக்கம். அந்தக் கருவியில் பதிந்ததே தவிர மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முதலில் அதைக் கழித்துவிடுங்கள். 'ஹெம்பூசான்' என்பது வாயு, நீராவி வெளியேற்றம். 'குகுரான்' என்பது பாறையோ லாவாவோ சரிந்து விழுவது. கவனிக்க வேண்டியவை இரண்டு. 'வுல்கானிக் டாலாம்' எனப்படும் ஆழமான எரிமலை அதிர்வுகள் சில நாள்களில் 'வுல்கானிக் டங்கால்', அதாவது ஆழமற்றவையாக மாறுகின்றனவா? 'திரெமோர் மெனெருஸ்' எனும் தொடர் அதிர்வின் வீச்சு கூடிக்கொண்டே போகிறதா? பாறை உடைந்தால் சட்டென்று ஒரு வெட்டு அதிர்வு. திரவமோ வாயுவோ நகர்ந்தால் நீண்ட, மெதுவான முனகல். ஒற்றை நாளின் அறிக்கை போதாது, குறைந்தது ஒரு வாரத்தை ஒப்பிடுங்கள். சுமத்ரா நேரம் நம்மைவிட ஒரு மணி பின்தங்கியது. பாலிக்கு நம் நேரமேதான்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கொண்டோவின் மேல்மாடியில் விளக்கு ஆடினால், உடனே வட சுமத்ராவின் எரிமலையை நினைத்து "சினாபோங்கா?" என்ற கேள்வி வரும். இல்லை. எரிமலை அதிர்வுகளில் பெரும்பாலானவை ரிக்டரில் 3-ஐக்கூடத் தொடுவதில்லை. மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் வீட்டை ஆட்ட அவற்றால் முடியாது. 2022 பிப்ரவரி 25-இல் நம் கட்டடங்களை ஆட்டியது மேற்கு சுமத்ராவில் 6-க்கு மேல் பதிவான நிலத்தட்டு நடுக்கம்.

மலையேறுபவர்கள் செய்யும் தவறு வேறு. எச்சரிக்கை நிலை நான்கில் இரண்டு என்றதும் பயமில்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். மேற்கு சுமத்ராவின் மாராப்பி எரிமலை 2023 டிசம்பர் 3-இல் வெடித்தபோது இரண்டாம் நிலையான 'வாஸ்பாடா'வில்தான் இருந்தது. எரிமலையின் வாய்ப் பகுதியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற பரிந்துரையும் இருந்தது. 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். சூடான பாறைக்குள் சிக்கிய நீர் திடீரென ஆவியாகி வெடித்தால் அதற்கு முன் பெரிய அதிர்வுக் கூட்டம் தேவையில்லை. 2019-இல் நியூசிலாந்தின் வக்காரி தீவில் 22 பேரைப் பலிகொண்டது அத்தகைய வெடிப்பு. ஆகவே நிலை எண்ணைவிட, அறிக்கையின் கீழே வரும் தடைத் தொலைவை முதலில் படியுங்கள்.

கடற்கரையில் தங்குவோர், நிலம் குலுங்கினால் ஓடுவோம் என்று காத்திருக்கக் கூடாது. 2018 டிசம்பர் 22 இரவு ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள அனாக் கிரகாத்தா எரிமலைத் தீவின் ஒரு பக்கம் கடலில் சரிந்து எழுப்பிய அலை 400-க்கும் அதிகமானோரைக் கொன்றது. கரையில் இருந்தவர்களை எச்சரிக்கும்படியான குலுக்கல் எதுவும் வரவில்லை.

டிக்கெட் விஷயம்: விடுதிக்குப் பக்கத்து மலையை மட்டும் பார்க்காதீர்கள். 2024 நவம்பரில் பாலி விமானங்களை நிறுத்தியது, பல நூறு கிலோமீட்டர் கிழக்கே புளோரஸில் உள்ள லெவோதோபி எரிமலையின் சாம்பல். பயணக் காப்புறுதியை டிக்கெட் எடுத்த அன்றே வாங்குங்கள். எரிமலைச் செய்தி வெளிவந்த பின் வாங்கினால், அந்த மலையால் வரும் இழப்பைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை.