ஜிமேட் மதிப்பெண் குறைந்தால் மறுதேர்வுக்குத் தயாராவது எப்படி?

எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோது, ஓசூர் தொழிற்சாலைகளிலும் அதைச் சுற்றியுள்ள அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் பலர், அந்த வருத்தத்திலேயே அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது: இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் 16 நாள் இடைவெளி இருந்தால் போதும், 12 மாதங்களில் ஐந்து முறை வரை எழுதலாம். ஆனால் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் கட்டணத்தைச் செலுத்தி, முதல் முறை எங்கே சறுக்கினோம் என்று தெரியாமலே மீண்டும் போய் உட்காருவதால், பெரும்பாலும் பழைய மதிப்பெண்ணின் அக்கம்பக்கத்திலேயே முடியும்.

முதலில், வந்த மதிப்பெண் உண்மையிலேயே குறைவுதானா என்று பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தேர்வெழுதிய உறவினர் ஒருவர் 700 வாங்கினார் என்பதை வைத்து வீட்டில் கணக்குப் போடுவது இப்போது பொருந்தாது. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் மதிப்பெண் 205 முதல் 805 வரை செல்கிறது. பழைய 700 இருந்த தரநிலைக்கு இன்று ஏறத்தாழ 645 போதுமானது. விண்ணப்பிக்கப்போகும் கல்லூரி வெளியிடும் சராசரியை நீங்கள் எட்டியிருந்தால், இன்னும் பத்து இருபது புள்ளிகளுக்காக மறுபடி எழுதுவதைவிட, கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் செம்மைப்படுத்துவதில் அந்த வாரங்களைச் செலவிடலாம்.

எழுதுவது என்று முடிவானால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மதிப்பெண் அறிக்கையைப் படியுங்கள். கணிதம், மொழித்திறன், தரவுப் பகுப்பாய்வு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 45 நிமிடம். கேள்விகள் முறையே 21, 23, 20. எந்த வகைக் கேள்வியில் தடுமாறினீர்கள், நேரம் எங்கே கரைந்தது என்பதை அறிக்கையே காட்டிவிடும். கடைசிக் கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தால், பாடம் தெரியாததைவிட அதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும். விடையளிக்காத கேள்விகளுக்கு இத்தேர்வில் கடுமையான இழப்பு உண்டு. ஒரு பகுதியை முடித்தபின் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பிடிபடாத கணக்கில் ஓர் ஊகத்தைக் குறித்துவிட்டு நகர்வதற்குப் பழகுவதே மறுதேர்வின் முதல் பயிற்சி.

இரண்டாவது பயிற்சி, பிழைகளுக்கென்று ஒரு நோட்டு. இதைப் பலரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதிப் பக்கங்களில் ‘கவனக்குறைவு’ என்றுதான் எழுதியிருக்கிறது. அது காரணமே அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன என்ற கேள்விக்கு 50 என்று குறித்திருந்தால், நோட்டில் எழுத வேண்டியது இது: ‘இரண்டு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டேன், மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்திருக்க வேண்டும், விடை 48, மெதுவாகச் சென்ற பாதையில் நேரம் அதிகம் என்பதை யோசிக்கவில்லை.’ கூடவே, அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதுங்கள். இப்படிச் சில வாரங்கள் எழுதினால், வெவ்வேறாகத் தெரிந்த பிழைகளில் பெரும்பகுதி மூன்று நான்கு பழக்கங்களிலிருந்தே வருவது தெரியும். அதே கேள்வியைப் பத்து நாள் கழித்து, நோட்டைப் பார்க்காமல் போட்டுப் பார்க்க வேண்டும். மீண்டும் 50 வந்தால் அந்தப் பாடத்தை அடிப்படையிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பெங்களூரு அவென்யூ சாலையில் வாங்கிய பழைய புத்தகங்களை நம்பிப் படித்திருந்தால் ஒரு திருத்தம் தேவை: வாக்கியப் பிழைதிருத்தம், வடிவியல், கட்டுரை ஆகியவை இப்போது தேர்வில் இல்லை. மொழித்திறனில் பத்தி வாசிப்பும் தர்க்க வாதமும் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஆங்கில இலக்கணத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. நீண்ட பத்தியில் ஆசிரியரின் வாதம் எந்த இடத்தில் திரும்புகிறது என்று பிடிக்கத் தெரிந்தால் போதும். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைப் படித்து, அதன் வாதத்தைத் தமிழிலேயே இரண்டு வரியில் சொல்லிப் பார்ப்பது இதற்கு நல்ல வழி.

ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள் இரவு ஷிப்ட் வாரத்தில் மாதிரித் தேர்வு எழுத வேண்டாம். தூக்கமில்லாத மூளை கொடுக்கும் மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பகல் ஷிப்ட் வாரத்தின் விடுமுறை நாளில், உண்மைத் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில் எழுதுவது நல்லது. அதிகாரபூர்வ இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டே என்பதால், ஒன்றைத் தொடக்கத்துக்கும் மற்றதைக் கடைசி வாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதி தருமபுரிக்காரர்களுக்குப் பயண அலைச்சலைக் குறைக்கும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதியில் எந்த நாள் என்பதை உறுதி செய்துகொண்டு தேதியைத் தேர்ந்தெடுங்கள். தாளில் கணக்குப் போட அனுமதி இல்லை. வெள்ளைப் பலகையில் எழுதிப் பழக வேண்டும். பெங்களூரு மையம் என்றால், அத்திப்பள்ளி நெரிசலை நினைவில் கொண்டு பிற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த வழியானாலும், பதிவுசெய்யும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சான்றிதழ்களில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருக்கும் நம் ஊர் வழக்கத்தில் தடங்கல் வருவது இங்கேதான்.

வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் முதல் சுற்று விண்ணப்பம் செப்டம்பரிலும், இரண்டாவது சுற்று ஜனவரியிலும் முடிகின்றன. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது மறுதேர்வை வைத்தால், தேவைப்பட்டால் இன்னொரு முறை எழுதவும் இடம் இருக்கும். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே எந்தக் கல்லூரிகளுக்கு அனுப்புவது என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். பழைய மதிப்பெண்ணைத் தனியாக நீக்க வேண்டிய தேவை இல்லை.