பீர் தயாரிப்பைத் தொழிலாகக் கற்போர் செய்யும் தவறுகள்

பீர் தயாரிக்கக் கற்க வருவோர் பலர் எந்த ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), எந்த மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்), எவ்வளவு என்ற செய்முறைக் கணக்கிலேயே முழுக் கவனத்தையும் செலவிடுகிறார்கள். ஆலையில் ஒரு நாளின் பெரும்பகுதி தொட்டிகளைக் கழுவுவதிலேயே போகிறது; அந்த வேலையைத் தாழ்வாக நினைப்பது முதல் தவறு. கழுவுவதும் கிருமி நீக்குவதும் வேறு வேறு. தொட்டிச் சுவரில் புரதமும் ஈஸ்ட்டும் காய்ந்து படிந்திருக்கையில் அதன்மேல் கிருமிநாசினியான பெரசிட்டிக் அமிலத்தைத் தெளித்தால், படிவுக்கு அடியில் உள்ள பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

மால்ட்டை ஊறவைக்கும் வெப்பநிலையைத் தோராயமாக வைத்துக்கொள்வது அடுத்தது. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் நொதிக்கக்கூடிய சர்க்கரை மிகுதியாகக் கிடைக்கும். 70ஐத் தாண்டினால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, பீர் கனமாக நிற்கும். வெப்பமானியே பிழையாகக் காட்டினால் இந்த அறிவால் பயனில்லை.

ஈஸ்ட்டின் தூய்மையையும் அளவையும் பாராமல் கண்மதிப்பில் ஊற்றுவதுதான், என் கருத்தில், பெரிய தவறு. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்ட் வளர்ப்பைப் புகுத்தியதற்குக் காரணமே, கலப்படமான ஈஸ்ட் பீரைக் கெடுத்ததுதான். மிதமான வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகைக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பிளேட்டோ டிகிரிக்கு (மால்ட் சாற்றின் சர்க்கரைச் செறிவைக் குறிக்கும் அளவு) சுமார் 10 லட்சம் உயிருள்ள செல்கள் என்பது பொதுவான அளவு. குளிர்ச்சியில் நொதிக்கும் லாகருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் இறந்த செல்கள் நீலமாகத் தெரியும் என்பதால், நுண்ணோக்கியில் எண்ணப் பழகுவது கடினமன்று, சலிப்பூட்டும் வேலை மட்டுமே.

நொதித்தல் முடிந்ததாகத் தோன்றியதும் குளிர்விக்க அவசரப்படுவோரும் உண்டு. வெண்ணெய் வாசம் தரும் டயசெட்டில், மணமற்ற ஒரு முன்பொருளிலிருந்து மெதுவாக உருவாவதால், இன்று சுவைத்துப் பார்த்துச் சரியென்று அடைத்த பீர் பின்னர் நாறக்கூடும். மாதிரியை மூடிய குப்பியில் சுமார் 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, ஆறியபின் முகர்ந்தால் உண்மை தெரிந்துவிடும். வாசம் வந்தால் ஈஸ்ட் அதை உட்கொள்ளும்வரை தொட்டியை மிதமான வெப்பத்திலேயே விட வேண்டும்.

பாடநூலை மட்டும் நம்புவோர் அறியாமல் சிக்கும் ஆபத்து ஒன்றும் உள்ளது. கார்பன் டைஆக்சைடு நிறைந்த மூடிய தொட்டிக்குள், கழுவப் பயன்படும் காரமான காஸ்டிக் சோடாவைச் செலுத்தினால், அது வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தை உண்டாக்கும். எஃகுத் தொட்டியே உள்நோக்கி நசுங்கிவிடலாம். ஆகவே முதலில் வாயுவை வெளியேற்றி, காற்றுவழியைத் திறந்துவைத்த பிறகே கழுவத் தொடங்க வேண்டும்.